பதினாறு டெராபைட் ஆசை

மலேசியாவின் பாலோ தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், அடையாள அட்டை இல்லாத தோட்டத்து மக்களுக்கு மனு எழுதித் தருகிறேன். ஐம்பது வயது லெட்சுமியின் பிறப்புப் பத்திரம் வெள்ளத்தில் போய்விட்டது. அதன் படம் என் கணினியில் மட்டுமே இருந்தது.

கணினி மிகவும் மெதுவாக இயங்கியதால் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு வட்டுக்கு மாற நினைத்தேன். பக்கத்து ஊரான குளுவாங்கில் கணினிக் கடைக்காரர் சொன்ன சிறிய அளவை விட்டுவிட்டு, இணையத்தில் மலிவாகக் கிடைத்த பதினாறு டெராபைட்டை வாங்கினேன். எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, பழைய வட்டில் இருந்தவற்றை அழித்தேன்.

மறுநாள் கோப்புகளின் பெயர்கள் தெரிந்தன, ஒன்றும் திறக்கவில்லை. அந்நேரம் லெட்சுமி தொலைபேசியில் அழைத்தார்.

"சார், வியாழக்கிழமை அடையாள அட்டை ஆபீஸ்ல இன்டர்வியூ லா. பேப்பர் ரெடியா?"

"ரெடிம்மா" என்று பொய் சொன்னேன்.

இரண்டு வட்டுகளோடும் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் புதியதைப் பிரித்துப் பார்த்தார்.

"அலமாக், ஏமாந்துட்டீங்களே! உள்ள சின்ன மெமரி கார்டுதான் இருக்கு சார். பதினாறு டெராபைட்டுன்னு பொய்யா காட்டும், ஃபைல் பேர் மட்டும்தான் நிக்கும். பழசுல அழிச்சப்புறம் எதுவும் ஏத்தலதானே?"

ஏற்றவில்லை. அதனால்தான் அழிந்ததை மீட்கும் மென்பொருளைக் கொண்டு புதன்கிழமை மாலை அவரால் பழைய வட்டிலிருந்து அந்தப் படத்தை மீட்க முடிந்தது. அன்றே அதை லெட்சுமியிடம் கொடுத்து, உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது உத்தரவாதம் தரும் கடையில், தேவையான அளவே வாங்குகிறேன். கோப்புகளைத் திறந்து பார்க்காமல் பழையதை அழிப்பதில்லை. யாருடைய பத்திரமானாலும் ஒரு நகலை அன்றே அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.