நான் கடைந்த நாற்பது ஆணிகள்

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போயில் நான் வேலை செய்கிற பட்டறைக்கு ஒழுங்கான பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் அலுமினியக் கதவு செய்கிறவர்கள். நடுவில் இருந்துகொண்டு நாங்கள் ராணுவ வண்டிகளுக்குச் சாமான் செய்கிறோம் என்றால் யாரும் நம்புவதில்லை. என் மனைவியே ஆரம்பத்தில், "பீரங்கியா செய்றீங்க?" என்று கேட்டு ஒரு வாரம் கேலி செய்தாள். பீரங்கி இல்லை. லாரிகளில் தேய்ந்துபோகிற சின்னச் சின்ன இரும்புகள்தான். வண்டியைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி அந்த ரகத்தையே நிறுத்திவிட்டது. உதிரிச் சாமான் கிடைக்காது. அதனால் வேலை எங்கள் சீன முதலாளியிடம் வருகிறது, அவரிடமிருந்து என் லேத் மிஷினுக்கு வருகிறது.

இருபத்தெட்டு வருஷமாக லேத் ஓட்டுகிறேன். அதில் பாதியைச் சிங்கப்பூருக்குத் தினமும் பாலம் தாண்டிப் போய் ஓட்டினேன். கோபக்காரன் என்று பட்டறையில் பேர். என் அளவுகோலை யாராவது தொட்டால் கத்துவேன். ஆனால் வேலையில் என்னைக் குறை சொன்னவர் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடந்த தப்புக்குக் காரணமே அந்தப் பெருமைதான்.

ராணுவ வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டியின் வரைபடம் ரகசியம், எங்கள் மாதிரிப் பட்டறைக்குக் காட்ட மாட்டார்கள். அதற்குப் பதிலாக, வண்டியிலிருந்து கழற்றிய பழைய சாமானைச் சாக்கில் போட்டு அனுப்புவார்கள். அதைப் பார்த்து அதேபோல் செய்துகொடுக்க வேண்டும். படம் ரகசியம், சாமான் ரகசியமில்லை. இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் கைக்கு மோதிரம் போட வேண்டும். சாக்கில் வருவதோ தேய்ந்த சாமான். தேயாமல் இருந்தபோது அது எந்த அளவில் இருந்திருக்கும் என்று ஊகிப்பதுதான் பாதி வேலை.

சாக்கைக் கொண்டுவருகிறவர் ஒரு மலாய் சார்ஜன்ட். முகாமில் வண்டி மெக்கானிக். என்னை "அபாங்" என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் கொண்டுவந்தது ஸ்பிரிங் பின். லாரியின் முன்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகளைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கிற இரும்பு அது. பட்டறையில் பின் என்போம். வாசிக்கிறவர்களுக்குக் குழப்பம் வேண்டாம், ஆணி என்றே சொல்கிறேன்.

ஒரு சாண் நீள ஆணி. ஓரிடத்தில் தடிமன் குறைந்து படி மாதிரி இறங்கும். அந்தப் படியில் ஓர் இரும்பு வளையம் வந்து உட்காரும். படியின் மூலையைக் கூராக வெட்டக் கூடாது, சின்னதாக ஒரு வளைவு விட வேண்டும். கடைசல் பழகுகிறவனுக்கு முதல் மாசத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. மைலோ பாக்கெட்டின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தால் அங்கிருந்துதானே கிழியும்? இரும்பும் அப்படித்தான், கூரான மூலையில்தான் விரிசல் விடும். உடனே உடையாது. பள்ளம் மேடு எல்லாம் ஏறி இறங்கி, என்றைக்கோ ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் துண்டாகும்.

முதல் இரண்டு ஆணிகளை வளைவு விட்டுத்தான் செய்தேன். மறுநாளே சார்ஜன்ட் திரும்பி வந்தார். முகாமிலிருந்து ஒரு வளையத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை ஆணியில் மாட்டி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வளையத்துக்கும் படிக்கும் நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தது.

"ஒட்டி உக்காரல, அபாங்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு ஏறிவிட்டது. இத்தனை வருஷ வேலையில் என் சாமானில் வெளிச்சம் தெரிவதா? வெட்டுக் கத்தியைக் கூராகத் தீட்டி, மூலையில் இருந்த வளைவை அப்படியே எடுத்துவிட்டேன். வளையம் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. "பகுஸ், அபாங், பகுஸ்" என்று பெருவிரலைத் தூக்கினார். தப்பு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கூரான மூலை பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அதேபோல் நாற்பது ஆணி கடைந்தேன். எல்லாம் பரிசோதனையில் தேறி, முத்திரை குத்தி, முகாமுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஒரு வருஷம் கழித்து வேறு வேலைக்காக ஒரு சாக்கு வந்தது. அதன் அடியில் கிரீஸ் தாள் சுற்றி, யாரும் தொடாத பழைய ஆணி ஒன்று கிடந்தது. கம்பெனியிலேயே செய்தது. அதன் படியில் அழகான வளைவு இருந்தது. கூடவே கம்பியில் கட்டிய வளையம். எடுத்து மாட்டினேன், படியோடு ஒட்டி உட்கார்ந்தது. வளையத்தைத் திருப்பி மாட்டினேன், மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. வளையத்தின் ஒரு பக்க உள்விளிம்பு மட்டும் சரிவாகச் சீவப்பட்டிருந்தது. ஆணியின் வளைவுக்கு இடம் கொடுக்கத்தான் அந்தச் சரிவு. அன்றைக்குச் சார்ஜன்ட் வளையத்தைத் தலைகீழாக மாட்டிக் காட்டியிருக்கிறார். அதைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என் முதல் இரண்டு ஆணியும் சரியாகத்தான் இருந்திருக்கின்றன.

மிஷினை நிறுத்திவிட்டு முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார், முகாமுக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் பேசிய அதிகாரி புதியவர். வரைபட எண் என்ன என்று கேட்டார். வரைபடமே எங்களுக்குக் காட்டவில்லை என்றார் முதலாளி. எண் இல்லாமல் எந்தச் சாமானைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று புரியவில்லை, கடிதம் எழுதுங்கள் என்று சொல்லி அதிகாரி போனை வைத்துவிட்டார். கடிதம் எழுதினோம். பதில் இல்லை. இன்னொன்று எழுதினோம். அதற்கும் இல்லை.

"ஊதுற சங்க ஊதியாச்சு, இனிமே அவங்க பாடு" என்றான் பக்கத்து மிஷின் நண்பன். முதலாளியும் மலாயில் அதையேதான் வேறு மாதிரி சொன்னார்: "சுடா லா, போதும் விடு." எனக்கு விட முடியவில்லை.

சார்ஜன்டுக்கு வாட்ஸாப் அனுப்பினேன். அவரைச் சரவாக்குக்கு மாற்றிவிட்டார்களாம். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. அந்த ஆணிகளைப் பல முகாம்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார்கள், எந்த வண்டியில் எது இருக்கிறது என்று இப்போது யாருக்கும் தெரியாது, ஒரு வருஷமாக நன்றாகத்தானே ஓடுகிறது, கடவுள் பார்த்துக்கொள்வார். கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்று. அவரைத் திட்டி ஒரு பெரிய பதில் எழுதினேன். எழுதி அழித்தேன். வளைவை எடுத்தது அவர் இல்லையே.

பிறகு ஒரு சனிக்கிழமை, சரியான ஆணி ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு நேராக முகாம் வாசலுக்கே போனேன். காவலில் இருந்த சிப்பாய் மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் பையில் என்ன இரும்பு, யார் அனுப்பியது என்று கேட்டபோது எனக்கு நாக்கு குழறியது. அடையாள அட்டையை வாங்கி எழுதிக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்கவைத்து, சம்பந்தப்பட்ட அதிகாரி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்தால் இப்படித்தான்.

அதற்கப்புறம் நெடுஞ்சாலையில் ராணுவ லாரி எதைப் பார்த்தாலும் அதன் முன்சக்கரத்தைத்தான் பார்ப்பேன். ஓடுகிற சக்கரத்தில் என்ன தெரியும்? பேப்பரில் ராணுவ வண்டி விபத்து என்று எங்காவது வந்திருக்கிறதா என்று தேடுவேன். வராத நாளில் நிம்மதி. அந்த நிம்மதி மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்காது.

போன மழைக்காலத்தில் சிகாமட்டில் ஆறு ஏறியது. அங்கே என் அக்கா தனியாக இருக்கிறாள். ஆற்றோரக் கம்பத்தில் (கிராமத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பலகை வீடு. இரண்டு முழங்காலும் வீங்கி, பிடித்துக்கொள்ளாமல் நடக்க முடியாது. கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று முதல் நாளே போனேன். சாமானையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுத்தான் கிளம்புவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். விடிந்தபோது வாசல்படி முங்கிவிட்டது, ரோட்டையும் அடைத்துவிட்டார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு போய், மேட்டில் இருந்த கோயில் மண்டபத்தில் உட்காரவைத்தேன். கம்பத்து ஜனங்கள் முப்பது நாற்பது பேர் அங்கே இருந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், மூலைக்கடைச் சீனப் பெரியவரும் அவர் மனைவியும்.

பத்து மணி வாக்கில் ராணுவ லாரி வந்தது. இடுப்பளவுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே ரகம்.

ஜனங்கள் கைதட்டினார்கள். அக்காவுக்கு வாயெல்லாம் பல். "இந்த லோரிக்கெல்லாம் என் தம்பிதான் சாமான் செய்றான், தெரியுமா?" என்று பக்கத்தில் இருந்த சீனப் பெரியவரிடம் மலாயில் ஆரம்பித்துவிட்டாள். "சும்மா இரு, அக்கா" என்று அதட்டினேன். அவள் கேட்கவில்லை.

நான் தண்ணீரில் இறங்கி முன்சக்கரத்துப் பக்கம் போனேன். குனிந்து கையை விட்டுத் துழாவினேன். சேறும் தண்ணீரும்தான் கையில் பட்டது. ஆணி உள்ளே இருக்கிறது. அது என்னுடையதா கம்பெனியுடையதா என்று தடவியா தெரியும்? டிரைவர் சிப்பாய் ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன தேடுறீங்க, பாக்சிக்?" என்று மாமா முறை வைத்துக் கேட்டான். ஸ்பிரிங் ஆணியை மாற்றியிருக்கிறார்களா என்று மலாயில் கேட்டேன். அவன் சிரித்தான். "நான் ஓட்டறதோட சரி, பாக்சிக். கவலப்படாதீங்க, ரொம்ப உறுதியான லோரி."

நடக்க முடியாதவர்களும் பெண்களும் பிள்ளைகளும் முதலில், ஆண்கள் அடுத்த நடை என்றார்கள். அக்காவைப் பிடித்து நிறுத்தினேன்.

"போட் வரட்டும்கா. அதுல போலாம்."

"போட்டா? தண்ணி இழுக்குற இழுப்பப் பாத்தியா? ஏண்டா மரம் மாதிரி நிக்கிற? தூக்கி விடு லா."

என்ன சொல்வேன்? இந்த லாரியில் ஏறாதே, நான் செய்த ஆணி இதில் இருக்கலாம் என்றா? ஏறாவிட்டால் எங்கே போவாள்? கோயிலின் கடைசிப் படியைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. நானும் ஒரு சிப்பாயும் கைகோத்து அவளைத் தூக்கி மேலே உட்காரவைத்தோம். அவள் என் தலையைத் தட்டி, "பாத்து வாடா" என்றாள்.

லாரி கிளம்பியது. கடைமுக்குத் திருப்பத்தில் முன்சக்கரம் ஏதோ பள்ளத்தில் இறங்கி வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. பெண்கள் அலறினார்கள். நான் மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது, அன்றைக்கு இருந்த சாமி பெயரெல்லாம் வாயில் வந்தது. வண்டி முனகிக்கொண்டு நிமிர்ந்து திருப்பத்தில் மறைந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாற்பது நிமிஷம் கழித்து அக்கா கூப்பிட்டாள். பள்ளிக்கூட மண்டபத்தில் இறக்கிவிட்டார்களாம், மைலோ கொடுத்தார்களாம், பாய் கிடைத்துவிட்டதாம். "ஒரு ஆட்டம் இல்லடா, கப்பல்ல போற மாதிரி இருந்துச்சு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீரில் முகம் கழுவுகிற மாதிரி பாவனை செய்துகொண்டேன்.

முகத்தைத் துடைத்து நிமிர்ந்தால், அடுத்த நடைக்கு அதே லாரி வந்துகொண்டிருந்தது. திரும்பவும் அந்தப் பள்ளத்தில் இறங்கித்தான் ஏறியது. ஒரு தடவை தாங்கியது என்பதற்கு என் தொழிலில் அர்த்தமே இல்லை.

சீனப் பெரியவரின் மனைவி முதல் நடையில் போகவில்லை. புருஷனை விட்டுப் போக மாட்டேன் என்று இருந்துவிட்டார். இப்போது பெரியவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு லாரியின் பின்படியில் நின்றார். ஏறவில்லை. உயரத்தையும் ஓடுகிற தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைத் தேடினார்.

"உன் அக்கா சொன்னாளே, நீதானே இதைச் செய்யிறவன்? நீ சொல்லு. உறுதியானதா?"

மலாயில்தான் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் மனைவியும் பார்த்தார்.

"உறுதியானதுதான், அங்கிள். பயப்படாம ஏறுங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. இரண்டு பேரையும் நானே கைகொடுத்து ஏற்றி உட்காரவைத்தேன்.