முதலில் எந்தப் பாட்டு

என் அண்ணன் சர்ஃபராசுக்கு ஏலக்காய் மூட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு உள்ளே விட்டுவிடுவார். மேலே ஒரு கை, நடுவில் ஒரு கை, அடியில் ஒரு கை. மூன்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி, அதுதான் சாம்பிள் என்பார். மேல் கையில் பச்சைப் பசேலென்று திரண்ட காய் வரும். அடிக் கையில் வெடித்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது எல்லாம் வரும். "பொறுக்கிக் காட்டுறவன் திருடன்" என்று அவர் சொல்லும்போது முகத்தில் பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் களை வந்துவிடும்.

போடியில் ஒரு ஏலக்காய்க் கடைக்காக மலையேறிச் சாம்பிள் எடுத்து வருவதுதான் அவர் வேலை. காலையில் தோட்டத்து வேலையாட்களோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டி, பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்குப் போவார். இருட்டுவதற்குள் பொட்டலங்களோடு இறங்கிவிடுவார். அவர் கொண்டுவந்த சாம்பிள் என்றால் வியாபாரிகள் தட்டைக் கிளறிப் பார்க்கமாட்டார்கள். அதில் எனக்கும் பெருமைதான். அந்த நியாயத்தை அவர் மூட்டையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவருக்கு இன்னொரு பைத்தியம் உண்டு. அதன் பெயர் ஈரவிறகு. மதுரைப் பையன்கள் சிலர் சேர்ந்து நடத்திய பாட்டுக்குழு அது. இரண்டு கிட்டார், ஒரு தவில், ஒரு ஆர்மோனியம், தகரத்தைத் தேய்த்தது மாதிரி ஒரு குரல். அண்ணன் மதுரையில் படித்த காலத்தில் ஏதோ ஒரு கல்லூரி விழாவில் அவர்களைக் கேட்டிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது. ஆறு ஆல்பம் போட்டார்கள், தங்களுக்குள் சண்டை போட்டார்கள், பிரிந்துபோனார்கள். அண்ணன் மட்டும் பிரியவில்லை.

அவர்கள் பிரிந்த பிறகு, ஆல்பம் போட்ட கம்பெனிக்காரன் நல்ல பாட்டாகப் பார்த்து எடுத்து, 'ஈரவிறகு: தேர்ந்த பாடல்கள்' என்று ஒரு சிடி போட்டான். என் வீட்டுக்காரர் ரசூல் அதை மதுரை பஸ் ஸ்டாண்டில் வாங்கிவந்து காரில் போட்டார். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. குறிப்பாக முதல் பாட்டு, 'கூரைச் சத்தம்'. மழையில் தகரக் கூரைக்கு அடியில் ஒருத்தன் தனியாக உட்கார்ந்து, வெளியே கேட்பதெல்லாம் கதவு தட்டும் சத்தமோ என்று எழுந்து எழுந்து பார்ப்பான். அண்ணன் சந்தோஷப்படுவார் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். ஊசிப்போன பிரியாணியைத் தட்டில் வைத்ததுபோல முகத்தைச் சுளித்தார்.

"அது பொறுக்கின சரக்கு பர்சானா. அதக் கேட்டுட்டு ஈரவிறகைத் தெரியும்னு சொல்லாத."

"நல்ல பாட்டா பாத்துத்தானண்ணே போட்டிருக்கான்?"

"அதான் தப்புங்கிறேன். தவில்காரன் போனதுக்கப்புறம் அவங்க எவ்வளவு தடுமாறுனாங்கன்னு அதுல எங்க இருக்கு? தடுமாறுனது தெரியாம, எந்திரிச்சது எப்படித் தெரியும்?"

ஒரு ஊருக்குப் புதிதாக வருகிறவனை யாராவது முதலில் சாக்கடைப் பக்கமாகவா கூட்டிப்போவார்கள்? பஜாரைக் காட்டுவோம், மலையைக் காட்டுவோம். இருந்து பழகினால் சாக்கடை தானாகத் தெரிந்துவிடும். என் கட்சி அன்றும் இதுதான், இன்றும் இதுதான்.

ஆனால் அண்ணனுக்குக் கட்சி சேரப் போடியில் ஒரு ஆள் இல்லை. ஜீப்பில் அவர் போட்ட பாட்டைக் கேட்டுவிட்டு, தோட்டத்து வேலைக்குப் போகும் சுருளியம்மாள், "ஏண்ணே, அந்த ஆளுக்கு வயித்து வலியா?" என்று கேட்டிருக்கிறாள். ஜீப்பே சிரித்ததாம். அதோடு பாட்டை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து என் வீட்டுக்குச் சாப்பிட வருவார். மூன்றாவது ஆல்பத்தில் தவில்காரன் ஏன் கோபித்துக்கொண்டு போனான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் பூண்டு உரித்துக்கொண்டே "ம்" போடுவேன். கேட்கவில்லை என்று அவருக்கும் தெரியும்.

"ஒருத்தராச்சும் அந்த ஆல்பத்த முழுசாக் கேட்டுட்டு வந்து எங்கூடச் சண்டை போட்டாக்கூடப் போதும் பர்சானா" என்று ஒருநாள் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டுத் தன் ஒற்றை அறைக்கு அவர் நடந்துபோவதை வாசலில் நின்று பார்த்தபோதுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று உறைத்தது. அந்த அறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. இரண்டாவதாக எதுவும் கிடையாது.

அவருக்கு ஒருமுறை கல்யாணம் ஆகி, ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. நான் விடாமல் நச்சரித்து, போன வருஷம் கம்பத்தில் ஒரு இடம் பார்த்தேன். ஃபாயிசா. கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறார். அவர் தம்பி தௌஹீத்தும் குடும்பமும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நாங்கள் போனபோது முன்னறையில் இருவரையும் கொஞ்ச நேரம் பேசவிட்டோம். நான் காதைத் தீட்டிக்கொண்டு அடுத்த அறையில் இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

"பாட்டு ரொம்பக் கேப்பீங்களாமே" என்றார் ஃபாயிசா. "என்ன பாட்டு? எனக்கும் அனுப்புங்க. தைக்கும்போது கேக்குறேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் வேறு ஆளாக இருந்தார். சன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, உத்தமபாளையம் தாண்டியதிலிருந்து பேச்சு, பேச்சு, ஒரே பேச்சு. அவர் இத்தனை பேசி நான் பார்த்ததே இல்லை.

"எதை அனுப்ப பர்சானா? எதுல ஆரம்பிக்க?"

"அந்தத் தேர்ந்த பாடல்களையே அனுப்புங்கண்ணே. அவங்களுக்கும் புடிக்கும். புடிச்சா மத்ததைத் தானா கேப்பாங்க."

பஸ் தேவாரம் ஊரைத் தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னார். "மொதக் கல்யாணத்துல அதத்தான செஞ்சோம்? பையன் தங்கம், அதிர்ந்து பேசமாட்டான்னு நம்ம அத்தா எல்லாத்தையும் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னாரு. அவ போகும்போது என்ன சொன்னா தெரியுமா? சொன்ன ஆளு வேற, இருக்கிற ஆளு வேறன்னா. இந்தத் தடவ நான் அப்படிச் செய்யமாட்டேன்."

சொன்னபடியே செய்தார். ஆறு ஆல்பத்தையும் ஆறு மூட்டையாக நினைத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் மேல் கை, நடுக் கை, அடிக் கை. முதல் பாட்டு, நடுப் பாட்டு, கடைசிப் பாட்டு. அப்படி எடுத்ததில் ஒன்று முழுக்க வெறும் தவில். ஒன்றில் பாடுகிறவன் பாதியில் இருமிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறான். ஒன்று அவர்களே பிறகு வெட்கப்பட்ட பாட்டு என்று அண்ணனே சொல்லியிருக்கிறார். கை எங்கே விழுந்ததோ அங்கே எடுத்தது என்பதால் 'கூரைச் சத்தம்' அதில் வரவே இல்லை. எல்லாவற்றையும் வரிசை மாறாமல் ஃபாயிசாவுக்கு அனுப்பிவிட்டு, என்னிடம் வந்து சாம்பிள் சுத்தமாக இருப்பதாகச் சொன்னார். உலகத்தில் வேறு எந்த ஆண்பிள்ளையாவது கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு இப்படிப் பாட்டு அனுப்பியிருப்பானா?

பாட்டோடு விட்டாரா என்றால் இல்லை. போனில் தன்னைப் பற்றியும் அதே கணக்கில் அள்ளிப் போட்டார். குறட்டை விடுவது, சாப்பாட்டில் உப்பு கூடினால் எழுந்துவிடுவது, சர்க்கரை நோய், முதல் மனைவி போனது. ஃபாயிசா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டில் வைத்து, அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்.

"அந்த ரெண்டாவது பாட்டுல ஒருத்தரு கத்திக்கிட்டே இருக்காரே, ஏன்?" என்று ஃபாயிசா கேட்டார்.

அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். தவில்காரன், ஆர்மோனியக்காரன், யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த ஸ்டுடியோவில் மின்சாரம் போனது, எல்லாம் வந்தது. அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் முடித்ததும் மிஷின் நின்றது.

"சரிங்க. உங்களுக்கு ரொம்பப் புடிச்ச ஒரு பாட்டைச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

"அப்படித் தனியா சொல்ல முடியாதுங்க. எல்லாத்தையும் சேத்துக் கேட்டாத்தான் அவங்க யாருன்னு தெரியும்."

"அவங்க யாருன்னு நான் கேக்கலங்க" என்றார் ஃபாயிசா. கொஞ்சம் காத்திருந்தார். அண்ணன் நான்காவது ஆல்பத்துக்குப் போய்விட்டார். நான் சமையலறையில் இருந்து கையை ஆட்டினேன், தலையில் அடித்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் தௌஹீத் என் வீட்டுக்காரரிடம் பேசினார். அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை, தப்பாக நினைக்கவேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக ஃபாயிசாவுக்கே போன் போட்டு, என் அண்ணனிடம் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"குறையா? குறையெல்லாம் அவரே சொல்லிட்டாரேக்கா" என்றார். கேலி இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "நல்ல மனுசருதான். ஆனா என்னைய ஏலம் எடுக்க வந்தவளா நெனச்சுட்டாரு. நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வந்தா, கறியில நல்ல துண்டாப் பாத்துத்தான வைப்போம்? அது ஏமாத்துறதாக்கா? ஆசையில செய்யுறது. இந்தா ஃபாயிசா, இதக் கேளு, எனக்கு உசுருன்னு ஒரு பாட்ட அவரு நீட்டலையே. அதுக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்."

இத்தனை வருஷம் நான் அண்ணனிடம் சொல்லத் தெரியாமல் தவித்ததை அந்தப் பெண் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டது.

ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அண்ணனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் வழக்கம்போல மலையேறினார். அந்த வெள்ளிக்கிழமை சாப்பிட வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. மேலே எஸ்டேட்டில் சாரல் விடாமல் அடிப்பதாகவும், அண்ணன் ஏலக்காய் காயப்போடும் ஸ்டோரில் தனியாக உட்கார்ந்திருப்பதாகவும், யார் கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை என்றும் சுருளியம்மாள் கடைவீதியில் பார்த்தபோது சொன்னாள். "பாவமா இருக்குத்தா. அந்த வயித்து வலிப் பாட்டையாச்சும் போடச் சொல்லுங்க" என்றாள்.

இன்னும் சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் வந்தார். தாடியில் நரை கூடியிருந்தது. சாப்பிடக்கூட உட்காராமல் போனை எடுத்தார்.

"பர்சானா, எனக்குப் புடிச்சதை மட்டும் எடுத்துப் பாத்தேன். ஒவ்வொண்ணா, நேர்மையா. என்ன வந்துச்சு தெரியுமா?"

காட்டினார். அநேகமாக எல்லாமே அந்தக் கம்பெனிக்காரன் சிடியில் இருக்கிற பாட்டுகள். எனக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டேன். முதலில் இருந்தது 'கூரைச் சத்தம்'.

"இது எனக்கு எப்பவுமே உசுருதான்" என்றார். "எல்லாருக்கும் புடிச்சுப்போச்சேன்னு சொல்லிக்க வெக்கமா இருந்துச்சு. எனக்குன்னு வேற ஒண்ணு இருக்கணும்னு நெனச்சேன்."

அந்தப் பாட்டில் கதவைப் பார்க்கிற ஆள் யார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஃபாயிசாவுக்கு அனுப்புங்கள் என்றேன். ரொம்ப நேரம் யோசித்து, 'இதைக் கேளுங்க. எனக்கு உசுரு' என்று மட்டும் எழுதி, அந்த ஒரு பாட்டை அனுப்பினார். பிறகு சாப்பிட்டார். உப்பு கூடியிருந்தது, ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணன் அசர் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தபோது பதில் வந்திருந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

'ரொம்ப நல்லா இருக்கு. மூணு தடவை கேட்டேன். இதை முதல்லயே அனுப்பியிருக்கக் கூடாதா? வர்ற மாசம் எனக்கு உத்தமபாளையத்துல நிக்காஹ். துஆ செய்யுங்க.'

எனக்கு எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அண்ணன் அழுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வேறு ஒன்று இருந்தது. பஸ்ஸில் சன்னல் ஓரம் பார்த்தேனே, அந்த முகம்.

"மூணு தடவ கேட்டுருக்காங்க பர்சானா" என்றார். "தானா, மூணு தடவ."

"ஆமாண்ணே."

"அடுத்து எதை அனுப்பலாம்? இது புடிச்சிருந்தா மூணாவது ஆல்பத்துல அந்தக் கடைசிப் பாட்டு நிச்சயம் புடிக்கும். இல்ல, அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு கேட்டாத்தான்…"

பேசிக்கொண்டே போனில் தேட ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, இனிமே அனுப்பக் கூடாதுண்ணே."

"ஆமா, ஆமா" என்றார். "கூடாதுதான்."