கடையநல்லூர்க்காரனின் பச்சை ரோலர்

எங்கள் முதலாளி தென்காசியில் ரோடு காண்டிராக்ட் எடுத்துச் செய்தவர். ஐம்பதுகளின் கடைசிவரை அவரிடம் இருந்தது ஒரே ஒரு நீராவி ரோலர். அதை ஓட்டியவன் நான். அடுப்பில் விறகும் கரியும் போட்டு, தண்ணீர் கொதித்து ஆவி கூடிய பிறகுதான் அது நகரும். ஜல்லி கொட்ட ஆட்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் நான் தீ மூட்ட வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது சட்டை, வேட்டி, காது மடல் எல்லாம் கரியாக இருக்கும்.

ஒரு பங்குனியில் முதலாளி மதுரைப் பக்கமிருந்து பழைய டீசல் ரோலர் ஒன்றை வாங்கிவந்தார். அது எனக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். "இனிமே என் துணிய ரெண்டு தடவ தொவைக்க வேண்டாம்" என்று மனைவியிடம் சொல்லியும் விட்டேன். ஆனால் முதலாளி அதற்கென்று கடையநல்லூரிலிருந்து ஒரு டிரைவரைக் கூட்டிவந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். லாரி ஓட்டியவன். டீசல் எஞ்சினைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன்.

"ஒனக்கு ஸ்டீம் எஞ்சின்தாம்லே கைவந்தது. அத ஒன்னய விட்டா யாரு மேய்ப்பா?" என்றார் முதலாளி.

பாராட்டு மாதிரிதான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

வந்த மறு வாரமே அவன் முதலாளியிடம் போய் நின்றான். "மொதலாளி, வண்டி பாக்கச் சகிக்கல. நான் சொல்லுத மாதிரி பெயிண்ட் அடிச்சுக்கிடட்டா?"

"என்னமும் அடிச்சுக்கோ. ஓடுனாச் சரி."

லாரி ஸ்டாண்ட் பக்கம் ஒரு பெயிண்டர் கொட்டகை போட்டிருந்தார். எல்லா லாரிக்கும் தாமரையும் கிளியும் வரைந்து பழகியவர். அவரிடம் இவன் இடுப்பில் கட்டும் ஒரு புதுச் சாரத்தைக் கொண்டுபோய் விரித்தான். இவன் வீட்டில் தறி ஓடியது. அந்தத் தறியில் நெய்த சாரம். கரும்பச்சை உடல், அரக்குக் கரை, இரண்டுக்கும் நடுவே மெல்லியதாக ஒரு கடுகு மஞ்சள் கோடு.

"பூவும் வேண்டாம், கிளியும் வேண்டாம். இந்தக் கலரு, இதே அளவுல வேணும்" என்றானாம். பெயிண்டரே பிற்பாடு எனக்குச் சொன்னது இது.

பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று. பிறகு உடம்பு முழுக்கப் பச்சை. தரையில் உருளும் பரப்பில் பெயிண்ட் நிற்காது என்பதால் சக்கரங்களின் பக்கவாட்டிலும், கூரையைத் தாங்கும் நான்கு கம்பிகளிலும் மட்டும் அரக்கு. விளிம்பெல்லாம் விரல் கனத்தில் மஞ்சள் கோடு. ஈரம் காய்ந்து அது வெயிலுக்கு வந்த அன்று வேலையாட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"நல்லா இருக்கா, அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டான்.

"தாருல கெடந்து உருளுத வண்டிக்கு எதுக்குடே மாப்பிள்ளைக் கோலம்?" என்றேன். அவன் சிரித்தான். அவனுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் மேலகரத்திலிருந்து குற்றாலம்வரை ரோடு போடும் வேலை. சாரல் தொடங்குமுன் முடித்தாக வேண்டும், முடியவில்லை. வைகாசி கடைசியிலேயே தூறல் பிடித்துக்கொண்டது. தூறல் நின்ற நேரம் பார்த்து வேலை செய்தோம். குளிக்க வந்த கூட்டம் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ஈரத் துண்டோடு நின்று பச்சை ரோலரைப் பார்ப்பார்கள். கையில் காமிராவோடு வந்த ஒருவர் கடையநல்லூர்க்காரனை அதன்மேல் உட்காரச் சொல்லிப் படம் எடுத்தார். பின்னால் என் எஞ்சின் புகைந்துகொண்டிருந்தது. புகை படத்தில் விழுகிறது, கொஞ்சம் தள்ளிக்கொள்ள முடியுமா என்று அவர் என்னிடம் கேட்டார். தள்ளிக்கொண்டேன்.

என் மனைவியும் அவள் தங்கையும் ஒரு நாள் அருவிக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தார்கள். "வழியில அந்தப் பச்ச ரோலரப் பாத்தோம். பட்டுச் சேல கெட்டுன மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. தங்கைக்காரி, "அத்தான் ஓட்டுதது அதுதானா?" என்று கேட்டாள். "இல்லட்டி, அத்தானுது அந்தக் கரி எஞ்சின்" என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டினாள்.

மறுநாள் பெயிண்டரிடம் போனேன். என் எஞ்சினுக்கு நீலம் அடிக்கச் சொன்னேன். "கொதிகலன் சூட்டுக்கு எனாமல் நிக்காது. சொன்னாக் கேளுங்க" என்றார். கேட்கவில்லை. இரண்டு நாள் தூறல் கனத்து வேலை நின்றபோது அடித்துக் கொடுத்தார். தீ மூட்டிய நாலாம் நாள் நீலம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உரிந்தது. நாற்றம் வேறு. தார் ஊற்றும் பெண்கள் அதற்கு 'அம்மை போட்ட எஞ்சின்' என்று பேர் வைத்தார்கள். கடையநல்லூர்க்காரன் மட்டும் சிரிக்கவில்லை. "உடம்பு கறுப்பாவே இருக்கட்டும், அண்ணாச்சி. சக்கரத்துக்கு மட்டும் வெள்ளையடிச்சா எடுப்பா இருக்கும்" என்றான். நல்ல யோசனை. அவன் சொன்னதாலேயே நான் செய்யவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் எல்லோரும் மரத்தடியில் சாப்பிடப் போயிருந்தார்கள். அவனுடைய ரோலர் தார் காய்ச்சும் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றது. நான் தண்ணீர் குடிக்க வந்தவன். நீளக் காம்புள்ள தார் அகப்பை டிரம்மில் கிடந்தது. சுற்றிலும் பார்த்தேன். ஒரு அகப்பை மொண்டு பச்சைமேல் வீசினேன். திட்டம் எதுவும் இல்லை. கை செய்துவிட்டது என்று சொன்னால் அது பொய், நான்தான் செய்தேன்.

"டிரம் பொங்கித் தெறிச்சிருக்கும்" என்று முதல் ஆளாகச் சொன்னவனும் நான்தான். அவன் தாரை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, "மண்ணெண்ணெய் போட்டாப் போகுமா, அண்ணாச்சி? கொஞ்சம் கை குடுங்களேன்" என்றான். சாயங்காலம்வரை அவனோடு உட்கார்ந்து துணியால் துடைத்தேன். தார் போயிற்று. பச்சை மங்கிவிட்டது, மஞ்சள் கோடு ஒரு முழத்துக்கு அழிந்துபோனது. அதை அவனே தூரிகை வாங்கி இழுத்தான். கோணலாக வந்தது. "நம்ம கையால போட்ட கோடுல்லா" என்று சொல்லி அதையும் ரசித்தான். அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து அவன் ஒரு அணைக்கட்டு வேலைக்குப் புல்டோசர் ஓட்டப் போனான். என் எஞ்சினை முதலாளி பழைய இரும்புக்குப் போட்டார். பச்சை ரோலர் கடைசியில் என் கைக்கு வந்தது. ஆய்க்குடி ரோட்டில் வேலை நடந்தபோது டீக்கடைக்காரர், "இத ஓட்டுன தம்பி எங்க? சுகமா இருக்கானா?" என்று விசாரித்தார். போகிற இடமெல்லாம் இதே கேள்வி. பொறுக்க முடியாமல், பெயிண்ட் பழசாகிவிட்டது என்று முதலாளியிடம் சொல்லி, முழுக்க மஞ்சள் அடித்துவிட்டேன். மனைவி பார்த்துவிட்டு, "சர்க்கார் வண்டி மாதிரில்லா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவன் ஒரு முறை லீவில் வந்தபோது என் வீட்டுக்கு வந்தான். மஞ்சள் ரோலரை வழியில் பார்த்திருக்கிறான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அணைக்கட்டில் ஆறு எந்திரம் ஓடுகிறதாம், எல்லாம் ஒரே நிறம். மேட்டிலிருந்து கொடி காட்டுகிறவனுக்கு எது எது என்று தெரியவில்லை. எஞ்சினீயர் இவனைக் கூப்பிட்டு, ஆறுக்கும் ஆறு விதமாகக் கலர் சொல்லச் சொன்னாராம். "வீட்டுல இருந்து ஆறு சாரம் கொண்டுட்டுப் போறேன், அண்ணாச்சி" என்றான். அவன் குரலில் பெருமைகூட இல்லை, வெறும் சந்தோஷம்.

அவன் போன பிறகு மனைவியிடம் தார் விஷயத்தைச் சொன்னேன். அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அந்தப் புள்ள நம்ம வீட்டுல சோறு தின்னுட்டுப் போறான். அவன்கிட்டச் சொல்லாம என்கிட்ட எதுக்குச் சொல்லுதிய?"

ஒரு கடிதம் எழுதலாம் என்று கார்டு வாங்கிவந்தேன். சுகம் விசாரித்து இரண்டு வரி எழுதினேன். அடுத்த வரி தாரைப் பற்றி இருக்க வேண்டும். அதற்குப் பதில், ஆறு எந்திரத்துக்கும் என்னென்ன கலர் சொன்னாய் என்று கேட்டு எழுதித் தபாலில் போட்டேன்.