சில்லில்லாத கோச்சி

இந்த ஜெர்மன் நாட்டுச் சனங்கள் நல்ல வீட்டைப் பூட்டிவிட்டுக் காசு கொடுத்துக் காட்டுக்குள் போய்ப் படுக்கிறார்கள். அதற்கு விடுமுறை என்று பெயர். ஊரில் நாங்களும் காட்டில் படுத்தவர்கள்தான். எங்களிடம் யாரும் காசு கேட்கவில்லை, ஆமிக்காரர் துவக்கோடு தேடி வந்தார்கள். ஆகவே பக்கத்து வீட்டு ஹெல்கா, "சனி ஞாயிறு காட்டுப் பக்கம் போய்வருவோம்" என்று தன் பழைய வான் வண்டியில் எங்களை ஏற்றியபோது எனக்கு உள்ளூர எரிச்சல்தான். மனைவி வசந்திக்காகப் போனேன்.

வசந்தியை வளர்த்தவர் அவளது அண்ணன். பக்கத்து மாவட்டத்து அகதி விடுதியில் இருந்தார். அந்த வாரம் கனடாவுக்குப் பறக்கிறார். ஆனால் அகதி தன் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. எங்கள் அவுஸ்வைஸில், அதாவது அடையாள அட்டையில், அப்படித்தான் குத்தியிருந்தது. அனுமதி கேட்டால், அண்ணன் குடும்பத்தில் சேர்த்தியில்லை என்றார்கள். குடும்பம் என்றால் புருசன், பெண்சாதி, பிள்ளை. மற்றவர்களெல்லாம் தெருவில் போகிறவர்கள். ஹெல்காவுக்கு இது விளங்கவில்லை. "எல்லையா? எங்கே இருக்கிறது, காட்டு பார்ப்போம்" என்று சிரித்தாள்.

சனி இரவு எங்கள் மாவட்டத்தின் ஓரத்தில், அவளது மாமனாரின் அப்பிள் தோட்டத்தில் தங்கினோம். சில்லைக் கழற்றி மரக்கட்டைகளில் ஏற்றி வைத்த ஒரு பழைய ரயில்பெட்டி. உள்ளே கட்டில், திரைச்சீலை. மகள் நிலா யன்னலுக்கு யன்னல் ஓடினாள். வசந்தி, அண்ணனுக்கென்று சுட்ட தட்டை வடையைத் தகர ரின்னில் அடைத்து மடியில் வைத்திருந்தாள். எங்களுக்கு ஒன்றுகூடத் தரவில்லை. அவள் அப்படிச் சிரித்துக் கதைத்து நான் கண்டு எத்தனையோ காலம்.

காலையில் அண்ணனைப் பார்க்க மாவட்ட எல்லையைக் கடந்தோம். தடையுமில்லை, ஆளுமில்லை. வழியில் காட்டோரம் வானை நிறுத்தி, மர மேசையில் வைத்துப் புட்டுச் சாப்பிட்டோம். அப்போது மரங்களுக்குள்ளிருந்து பச்சை உடுப்புப் போட்ட ஒருவன் வந்தான். வசந்தி விறுக்கென்று எழும்பினாள். கையைக்கூடக் கழுவாமல் அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

அவன் காட்டுக்குக் காவல் பார்க்கிறவன். வான் பாதையை மறிக்கிறது என்று சொல்ல வந்தவன். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நீட்டியதை வாங்கினான், வாசித்தான், முகம் மாறியது. "திரும்பிப் போங்கள். இல்லையென்றால் பொலிசுக்குச் சொல்ல வேண்டிவரும்" என்றான். வெகு மரியாதை. ஊரில் அடித்துச் சொல்வதை இங்கே வணக்கம் சொல்லிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அவன் கேட்கவேயில்லையே, ஏன் கொடுத்தாய்?" என்றாள் ஹெல்கா. வசந்தியிடம் அதற்கு ஒரு ஜெர்மன் சொல்தான் இருந்தது. "குறூன்" என்றாள். பச்சை. ஹெல்கா அண்ணாந்து மரங்களைப் பார்த்து, "ஆமாம், எல்லாம் பச்சைதான், அழகு" என்றாள். எனக்கு வந்த கோபத்தை எந்தப் பாஷையில் கொட்டுவது?

தோட்டத்துக்குத் திரும்பி, மாமனார் வீட்டிலிருந்து விடுதிக்குத் தொலைபேசி எடுத்தோம். அண்ணன் நண்டுக் கறி வைத்துவிட்டுக் காத்திருந்தாராம். அவரது குரல் எனக்கும் கேட்டது.

"ஏன் பிள்ளை, கேக்க முந்தி நீட்டினனி?"

"கேக்க முந்தி நீட்டினால் ஆமி அடிக்கமாட்டான் எண்டு ஆனையிறவுச் சோதனைச்சாவடியில நீங்கள்தானே அண்ணா சொல்லித் தந்தனீங்கள்."

அவள்தான் தொலைபேசியை வைத்தாள்.

படுக்கைகளை எடுக்கப் போனபோது வசந்தி ரயில்பெட்டியின் யன்னலோரம் போய் இருந்துவிட்டாள். வெளியே ஹெல்கா ஹோர்ன் அடித்தாள். நிலா தாயின் மடியில் ஏறி, "அம்மா, இந்தக் கோச்சி எப்ப வெளிக்கிடும்?" என்று கேட்டாள்.

"இது போகாது பிள்ளை. மாமாதான் போறார்" என்ற வசந்தி, ரின்னைத் திறந்து முதல் வடையை அவள் கையில் வைத்தாள்.