பேணிக்குள் தூங்கிய வாக்கு

சனிக்கிழமைகளில் என் கம்பளிச் சட்டையில் ஏறிக்கொள்ளும் ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணம் திங்கட்கிழமை வரை போகாது. பள்ளியில் மூக்கைச் சுளித்தவர்களைப் பற்றிச் சொன்னால், "அவைக்குக் குடுத்து வைக்கேல்லை" என்பார் அம்மா. நாங்கள் குடியேறிய ஒனிஹங்காவில் கார் தரிப்பிடமொன்றில் கூடிய சந்தையில் அம்மாவும் இன்னும் நான்கு யாழ்ப்பாணத்துப் பெண்களும் பக்கத்து மேசைத் தொங்கா தீவுக்காரி மெலே அன்ரியும் ஒரே அடுப்பைப் பங்குபோட்டு வியாபாரம் செய்தார்கள். வாரம் முழுக்க அலுவலகங்களில் தரை துடைத்த அம்மாவை யாரும் அதிகாரம் பண்ணாத இடம் அந்த மேசை ஒன்றுதான்.

அதற்கும் பொறுக்கவில்லை சிலருக்கு. மணம் தாங்கவில்லை என்று முறையிட்டார்கள்; உள்ளூர்த் தேர்தலில் சந்தையை மூடுவோம் என்று ஒரு தரப்பும், விடமாட்டோம் என்று இன்னொரு தரப்பும் நின்றன. வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கி, பாஸ்போர்ட்டும் விசாக் கடிதமும் கிடந்த பிஸ்கட் தகரப் பேணிக்குள் பத்திரமாக வைத்து மூடிவிட்டார்! எங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் இப்படிச் செய்வார்கள்?

"அரசாங்கம் என்ர பேர் அடிச்சு அனுப்பின கடுதாசி. அதை வெளியிலை விடலாமே?" என்றார். பெயர்ப் பட்டியலோடு இராணுவம் வீடு வீடாக வந்த ஊரில் வாழ்ந்தவர் அவர். எங்கே பெயர் போகிறதோ அங்கிருந்து ஆபத்து திரும்பி வரும் என்பது அவர் பட்டறிந்த பாடம்.

வாக்களிக்கும் கடைசி நாள் சனிக்கிழமையாக அமைந்தது, நண்பகலோடு முடிந்துவிடும். ஐந்து வீட்டிலும் சீட்டு தூங்குகிறது என்று தெரிந்ததும் மெலே அன்ரி ஆங்கிலத்தில் பொரிந்து தள்ள, நான்தான் தமிழாக்கினேன்: "பூட்டி வைச்சா அது வெறுங் கடுதாசியாம். சந்தையை மூடினா உங்களுக்காக ஆர் கதைப்பினம் எண்டு கேக்கிறா."

அம்மா எண்ணெயில் கிடந்த ரோல்ஸை அள்ளித் தட்டில் போட்டார். பிறகு, "ஓம், அதுவும் சரிதான். அடுப்பை நிப்பாட்டுங்கோ" என்றார். அரிசிப் பைக்கு அடியிலும் சாமிப் படத்துக்குப் பின்னாலும் ஒளித்தவற்றை எடுக்க ஆளுக்கொரு பக்கம் ஓடி, மாவுக் கையோடு, வாக்குப் பெட்டி வைத்திருந்த நூலக வாசலில் ஒன்று சேர்ந்து, சீட்டில் குறியிட்டு உறையில் போட்டார்கள்.

பெட்டிக்கு முன்னால் அம்மா உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "துண்டு ஒண்டும் தரமாட்டினமோ?" என்றார். கேட்டுச் சொன்னேன்: பற்றுச்சீட்டெல்லாம் கிடையாது, யாருக்குப் போட்டீர்கள் என்று எவருக்கும் தெரியாது. "ஒருத்தருக்கும் தெரியாதோ?" அம்மாவின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உறையை உள்ளே தள்ளினார்.

சந்தை அன்று தப்பியது. இன்று அந்தத் தரிப்பிடமும் இல்லை, என் சட்டையில் அந்த மணமும் இல்லை. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. ஆனால் அதற்கு வெகு முன்னரே அந்த ஆறு பெண்களும் பங்கு சேர்த்து, பக்கத்துத் தெருவில் ஒரு கடையைத் தங்கள் பெயரிலேயே வாங்கிவிட்டார்கள். பேணியில் இப்போது பிஸ்கட்தான் இருக்கிறது.

போன தேர்தலில் அம்மா சமையலறை மேசையில் சீட்டை விரித்துப் பேனாவை எடுத்தபோது மெல்ல எட்டிப் பார்த்தேன். சட்டென்று கையால் மறைத்துக்கொண்டார்.

"தள்ளி நில், பிள்ளை! ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."