சலாம் போடாத கை

வெள்ளைக்காரன் காலத்தில் என் வீட்டுக்காரர் ஜெயில் வார்டர். என் தம்பி அதே ஜெயிலில் கைதி. எந்த ஊர் ஜெயில் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. இந்த உறவைச் சொன்னால் இன்றைக்குச் சிலர் சிரிக்கிறார்கள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

தம்பிக்கு ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் சீவுகிற வேலை. பள்ளிகொண்டா பக்கம் கள்ளுக்கடை மறியலுக்குப் போனவனைப் பிடித்துத் தண்டனை போட்டுவிட்டார்கள். கூடப் போன படித்தவர்களும் சொத்துக்காரர்களும் மேல் வகுப்புக் கைதிகள். அவர்களுக்குக் கட்டில், பத்திரிகை. கூலிக்காரனுக்குக் கீழ் வகுப்பு, களியும் கம்பளியும். ஒரே கோஷம் போட்டவர்களுக்குள் இந்த மேல் கீழ் எதற்கு என்று எனக்கு இன்றுவரை எரிச்சல்தான். அவன் தன் மச்சினன் என்று வீட்டுக்காரர் ஆபீசில் சொல்லவில்லை. அவனும் அவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த ஜெயிலில் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி பார்வையிட வந்தால் வார்டர் "சர்க்கார் சலாம்!" என்று கத்துவார். வரிசையில் நிற்கும் கைதிகள் எல்லாரும் கையைத் தூக்க வேண்டும். தம்பி தூக்கவில்லை. அதற்காகக் காலில் விலங்கு பூட்டினார்கள். இரண்டு கணுக்காலிலும் வளையம், அவற்றிலிருந்து இடுப்பு வரை இரும்புக் கம்பி. தூங்கும்போதும் அதோடுதான் கிடக்க வேண்டும். வளையம் உரசாமலிருக்க உள்ளே சுற்றிக்கொள்ளத் தோல் பட்டை தருவார்கள். இவனுக்குத் தரவில்லை. புண் வைத்துவிட்டது என்று வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். சொல்லாமல் இருக்க அவராலும் முடியவில்லை.

"நாள் பூரா தோல்லயே கெடந்தவன். அவன் காலுக்கு ஒரு துண்டுத் தோல் கிடையாதா?" என்றேன்.

"அவனை யாரு வீம்பு புடிக்கச் சொன்னது? கையைத் தூக்குனா இன்னா, தேஞ்சா போய்டும்?"

"அவ்ளோ சின்ன விஷயம்னா வுட்டுட வேண்டியதுதானே? ஒருத்தன் கை தூக்கலன்னு இவ்ளோ பெரிய சர்க்கார் ஏன் பேஜாராவுது?"

"நானாடி விலங்கு போட்டேன்? அது ரூல்."

"திருடனுக்குக் குடுக்குற பட்டையை இவனுக்குக் குடுக்காததும் ரூலா? புண்ணு வெக்கணும்னு எழுதியிருக்கா?"

அவர் குரல் ஏறியது. "நீ துண்றது யார் போட்ட சோறுன்னு தெரியுமா? சர்க்கார் போட்ட சோறு!" என்றார்.

"அப்டின்னா எனக்கு வேணாம்" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். கோபக்காரி என்று பிறந்த வீட்டிலேயே எனக்குப் பேர்.

தம்பி ஒரு முறை வரும்போது எங்கள் குழந்தையைப் படுக்க வைக்க ஒரு செம்மறித் தோல் கொண்டுவந்திருந்தான். ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்தியது. துணி மாதிரி மடியும். அதில் இரண்டு பட்டைகள் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, வீட்டுக்காரரின் உடுப்பு மேல் வைத்தேன். அவர் பார்த்தார். "மாட்டுனா வேலை போய்டும். அப்புறம் நானும் உள்ளதான்" என்றார். பொய் சொல்லவில்லை, வேறு வருமானம் எங்களுக்குக் கிடையாது. சில நாள் பட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டு உடுப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஒரு காலையில் அவர் அவற்றைத் தன் காலிலேயே சுற்றிக்கொண்டு, மேலே உடுப்போடு வரும் காலுறைத் துணியைச் சுற்றினார். ஜெயில் வாசலில் வார்டர்களையும் சோதிப்பார்கள். அவர் திரும்பும்வரை எனக்கு அடுப்பில் வேலை ஓடவில்லை.

"குடுத்துட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"மோந்து பாத்தான். அப்புறம் கட்டிக்கினான்."

அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அது நீடிக்கவில்லை. விலங்கைச் சோதித்தபோது ஜெயிலர் பட்டைகளைப் பார்த்துவிட்டார். கொண்டுவந்த வார்டர் யார், பேரைச் சொன்னால் விலங்கையே கழற்றிவிடுகிறேன் என்றாராம். தம்பி வாயைத் திறக்கவில்லை. பட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு, கைகளைத் தலைக்கு மேலே தூக்கிச் சுவரில் விலங்கிட்டுப் பகல் முழுக்க நிற்க வைத்தார்கள். தானாகத் தூக்காத கையை அவர்களே தூக்கிக் கட்டினார்கள். அன்றைக்கு அந்தக் கொட்டடியில் காவல் என் வீட்டுக்காரர்.

வீட்டுக்கு வந்தவர் உடுப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். சோறு போட்டு வைத்தேன். கை வைக்கவில்லை.

"ஒரு பேரு சொன்னா போதும்டி. விலங்கு போய்டும். நான் எதிர்லயே நிக்கிறேன். என் பக்கம் திரும்பக்கூட இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்டித் தைத்தது நான். அவரும் அழுதார், அதற்கு முன்னால் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைக் காட்டினார். "சர்க்கார் போட்ட சோறுன்னு சொன்னேன் இல்ல? இன்னிக்கு இது உன் தம்பி போட்டது."

இன்னொரு தட்டு எடுத்துவந்து நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவருக்கும் பசியில்லை. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.