திருக்கைத் தோலும் மூன்று செட்டைகளும்

கனடாவிலிருக்கும் என் தம்பி, நாமே பூட்டும் விளையாட்டு ரொக்கெட் பொதிகள் இரண்டை வாங்கி, ஒன்றை எனக்கு அனுப்பினான். அதைக் கிளப்பும் வெடிமருந்தை விமானத்தில் ஏற்றமாட்டார்களாம். ஆகவே என்னுடையது பறக்காது.

"பறக்காட்டிப் பரவாயில்லை அண்ணை. ஞாயிற்றுக்கிழமை போனில காட்டி, ஆற்றை ரொக்கெட் திறமெண்டு பாப்பம். ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ" என்றான். அறுபத்தொன்பது வயதானாலும் அவன் எனக்கு இளையவன். அவனிடம் தோற்க எனக்கு மனமில்லை.

வேலையெல்லாம் வாலில் ஒட்டும் மூன்று செட்டைகளில்தான். தக்கைபோல இலேசான பலகை. மூன்றும் ஒரே அளவாக வரவேண்டும். விளிம்புக்கு நாற்பது இழுவை என்று எண்ணித் தேய்த்தேன். இரண்டாவதில் மனைவி தேத்தண்ணியோடு வந்து கதை கொடுத்ததால் எண்ணிக்கை தவறியது. மூன்றையும் முதலிலிருந்து தேய்த்தேன். அதோடு பொதியில் வந்த தேய்க்கும் கடதாசி முடிந்துவிட்டது. நெடுந்தீவுக் கடைகளில் அது இல்லை. சோளகக் காற்றில் அக்கரைக்குப் படகும் ஓடவில்லை.

பக்கத்து வீட்டு மீனவர் துடுப்புப் பிடியைச் சொரசொரப்பான திருக்கை மீன் தோலால் தேய்ப்பதைக் கண்டிருக்கிறேன். காய்ந்த துண்டொன்று வாங்கித் தேய்த்தேன். கடதாசி தோற்றது.

"இஞ்சருங்கோ, உது ரொக்கெட்டோ, கருவாடோ?" என்றாள் மனைவி.

பூனைக்கும் அதே சந்தேகம். மத்தியானம் கண்ணயர்ந்து எழும்பியபோது, ஒரு செட்டையின் ஓரத்தில் அரைவட்டமாகக் கடித்திருந்தது. மாற்றுப் பலகை இல்லை. கடியை அளந்தேன்: அகலம் பதினொரு மில்லிமீற்றர், ஆழம் நாலு. மற்ற இரண்டையும் அதற்குச் சமமாகத் தேய்க்கத் தொடங்கினேன்.

"பூனையையே கூப்பிட்டு மற்றதையும் கடிக்க விடுங்கோவன். கெதியா முடியும்."

ஞாயிற்றுக்கிழமை தம்பி தன்னுடையதைக் காட்டினான். பளபளவென்று இருந்தது. பிறகு என்னுடையதை நெடுநேரம் பார்த்தான்.

"அண்ணை, உந்த வளைவு என்னத்துக்கு?"

"காத்துக்கு."

"பொதியோட வந்த தாளில அப்பிடி இல்லையே?"

"நீ எப்பவும் தாளில உள்ளதை மட்டுந்தானே செய்வாய்."

அவன் தன்னுடையதை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "எத்தினை மில்லிமீற்றர்?" என்று கேட்டான். சொன்னேன்.

அடுத்த கிழமை அங்கே ஒரு வெட்டவெளியிலிருந்து அவனுடைய ரொக்கெட் கிளம்பியது. மூன்று செட்டைகளிலும் எங்கள் பூனையின் கடி. நேராகத்தான் போனது. மனைவி பூனைக்கு ஒரு சூடை மீன் கூடப் போட்டாள்.

எனக்குத்தான் இன்னும் நிம்மதியில்லை. போனில் பார்த்த அளவில், அவன் ஆழத்தை நாலரையாக வெட்டியிருக்கிறான்.